பற்றாத வாயு, அடைத்த குழாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சாண எரிவாயு, சமையலறைக் கழிவு, விறகு வாயு, உமிக்கட்டி பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே சிக்கலைப் பல விதமாகக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. வீட்டில் ஐந்து பேர். சாண எரிவாயுக் கலன் கட்டினால் சமையல் முழுவதும் அதிலேயே ஓடுமா? எவ்வளவு பெரிய கலன் வேண்டும்?

கலன் கட்டுபவரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் சாணத்தை எடை போட்டுப் பாருங்கள். மாட்டின் தலையை எண்ணிக் கலன் கட்டியவர்கள்தான் பிறகு வாயு வரவில்லை என்று எழுதுகிறார்கள். கொட்டிலிலேயே நிற்கும் நடுத்தர மாடு நாளுக்கு 10 முதல் 12 கிலோ சாணம் போடும். பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகிற மாடு என்றால் அதில் பாதி மேய்ச்சல் நிலத்திலேயே போய்விடும்; உங்கள் கைக்கு வருவது மீதிதான்.

ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து 35 முதல் 40 லிட்டர் வாயு கிடைக்கும். 24 கிலோ கிடைப்பதாக வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறத்தாழ 900 லிட்டர், அதாவது 0.9 கன மீட்டர். ஓர் ஆளின் சமையலுக்கு 0.2 முதல் 0.3 கன மீட்டர் வரை ஆகும் என்பது பொதுக் கணக்கு. ஐந்து பேருக்கு 1 முதல் 1.5 வரை தேவை. ஆக, இரண்டு வேளைக்கு ஓடும். மூன்றாவது வேளை இழுக்கும். ஒரு கன மீட்டர் சாண வாயு சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். இந்தக் கணக்கை வைத்து உங்கள் வீட்டுச் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கலனின் கொள்ளளவு இன்னும் எளிது. 24 கிலோ சாணம், 24 லிட்டர் தண்ணீர், மொத்தம் 48 லிட்டர். இந்தக் கரைசல் உள்ளே 40 நாள் தங்க வேண்டும்: 48 × 40 = 1,920 லிட்டர். குளிர்காலத்தில் வெப்பநிலை நன்றாக இறங்கும் இடமென்றால் 55 நாள் போடுங்கள், 2,640 லிட்டர் வரும். இதற்கு மேல் வாயு தங்க ஒரு நாள் உற்பத்தியில் பாதிக்குக் குறையாத இடம் வேண்டும். “பின்னால் மாடு வாங்குவோம்” என்று இரண்டு மடங்காகக் கட்டாதீர்கள். குறைவாக ஊற்றினால் நிலைக் குவிமாடக் கலனில் (நகராத செங்கல் குவிமாடம் மூடிய கலன்) அழுத்தம் ஏறாது, போட்ட காசும் முடங்கிக் கிடக்கும்.

சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி என்பது புதுச் சாணத்துக்குத்தான். வெயிலில் காய்ந்து ஓடு கட்டிய சாணத்துக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள்: மெல்லிய படலமாக ஒட்டினால் பதம் சரி. கட்டியாக ஒட்டினால் குழாயில் நின்றுவிடும். ஒட்டாமல் வழிந்தால் உள்ளே போனதும் மண் அடியில் தங்கும், நார் மேலே மிதக்கும், நடுவில் வெறும் தண்ணீர் நிற்கும். கரைக்கும்போதே வைக்கோல், கல், மண்ணைக் கையால் எடுத்துவிடுங்கள். கலனுக்குள் போன மணல் தானாக வெளியே வராது.

கேள்வி: புதிதாகக் கட்டிய கலனில் பத்து நாளிலேயே வாயு வந்தது, ஆனால் தீக்குச்சியை வைத்தால் அணைக்கிறது. கலன் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. முதலில் வருவது உள்ளே இருந்த காற்றும் கார்பன் டை ஆக்சைடும்தான். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. முதல் இரண்டு மூன்று நிரப்பு வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். மீத்தேன் பாதிக்குக் கீழே இருக்கும்வரை அடுப்பில் சுடர் நிற்காது. காற்று கலந்த முதல் வாயுவை அடுப்பில் பற்றவைத்துச் சோதிப்பது ஆபத்தும்கூட. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும். கலன் முழுக்க அந்த விகிதத்தில் இருக்கும் நாள் எது என்று பார்த்துத் தெரியாது.

கேள்வி: 1,000 லிட்டர் தொட்டியில் சமையலறைக் கழிவு போட்டு வாயு எடுக்கிறோம். முதல் இரண்டு வாரம் நன்றாக எரிந்தது. மூன்றாவது வாரம் வாயு நிறைய வந்தது, எரியவில்லை. இப்போது புளித்த நாற்றம் அடிக்கிறது. நாளுக்கு 10–12 கிலோ போடுகிறோம்.

கோளாறு உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. இந்தக் கேள்வி நிறைய பேரிடமிருந்து வந்ததால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் கழிவை உடைத்து அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. முதல் கூட்டம் வேகமானது, எதையும் தாங்கும். இரண்டாவது மெதுவானது, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.8-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை பார்க்கும். சாணத்தில் மாட்டின் வயிறு பாதி வேலையை முடித்துவிடுகிறது. அமிலத்தைத் தாங்கும் காரமும் சாணத்திலேயே இருக்கிறது. சமைத்த மிச்சம் அப்படியில்லை. மாவுப்பொருளும் சர்க்கரையும் ஒரே நாளில் அமிலமாகிவிடும். தின்கிறவர்களைவிடப் பரிமாறுகிறவர்கள் வேகமாகப் போனால் அமிலம் தேங்குகிறது, பிஎச் இறங்குகிறது, தின்கிறவர்கள் இன்னும் சோர்ந்துபோகிறார்கள். அந்தக் கட்டத்தில் வாயு குறையாது, கூடும்! ஆனால் அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

1,000 லிட்டர் தொட்டியில் கரைசல் நிற்பது 750 லிட்டர் அளவுக்குத்தான். கலக்கும் கருவியோ சூடாக்கும் வசதியோ இல்லாத தொட்டி நாளுக்கு 4 முதல் 5 கிலோ ஈரக் கழிவைத் தாங்கும். அதில் காய்ந்த கரிமப் பொருள் ஒரு கிலோ அளவுக்கு இருக்கும், கிடைக்கும் வாயு ஏறத்தாழ அரை கன மீட்டர். நீங்கள் இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருக்கிறீர்கள்.

மீட்பதற்கு வழி உண்டு, பொறுமை வேண்டும். கழிவு போடுவதை இன்றே நிறுத்துங்கள். வெளியேறும் கரைசலில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 6.5-க்குக் கீழே இருந்தால் சமையல் சோடா கொடுக்கலாம்: லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் உங்கள் தொட்டிக்கு 750 கிராம். அதை ஒரேயடியாகக் கொட்டாமல் நாளுக்கு 200 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, மறுநாள் பிஎச் பார்த்துவிட்டு மேலே போங்கள். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அளவு தப்பினால் மேலே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு தொட்டிக்குள் வெற்றிடத்தை உண்டாக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கிவிடும். பிறகு கால் பங்கு கரைசலை வெளியேற்றி, அந்த இடத்தில் புதுச் சாணக் கரைசலையோ நன்றாக ஓடும் வேறொரு கலனின் கழிவுக் கரைசலையோ ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு வேறெதுவும் வேண்டாம். வாயு மறுபடி நீலமாகப் பற்றியதும் நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி வாரத்துக்கு அரை கிலோவாகக் கூட்டுங்கள். ஐந்தில் நிறுத்திவிடுங்கள்.

போடக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். எலும்பும் முட்டை ஓடும் செரிக்காது, அடியில் சேர்ந்து கொள்ளளவைத் தின்னும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரைத் தடுக்கும். ஒன்றிரண்டு பரவாயில்லை, சாறு பிழிந்த கடையின் மூட்டையைக் கொட்டாதீர்கள். எண்ணெய் கொஞ்சமாகப் போனால் வாயுவைக் கூட்டும், அதிகமானால் மேலே ஆடையாகப் படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர், தரை துடைக்கும் மருந்து, பிளீச்சிங் பவுடர் இவை மூன்றும் தொட்டிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

கேள்வி: சந்தையில் நுண்ணுயிர்ப் பொட்டலம் விற்கிறார்கள். மாதம் ஒருமுறை கலக்கச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. சாணத்திலேயே எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் கலக்கினால்தான் ஓடுகிறது என்றால் தொட்டிக்குள் உயிர் தங்கவில்லை. அளவையும் பிஎச்சையும் பாருங்கள்.

கேள்வி: மிதக்கும் டிரம் நல்லதா, செங்கல் குவிமாடம் நல்லதா? பக்கத்து வீட்டு அடுப்பு ஒரே சீராக எரிகிறது. எங்கள் குவிமாடக் கலனில் காலையில் சீறுகிறது, சமையல் முடியும்முன் மங்கிவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே அடுப்பில் பார்த்துவிட்டீர்கள். மிதக்கும் டிரம்மில் அழுத்தத்தைக் கொடுப்பது டிரம்மின் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள டிரம் 100 கிலோ இருந்தால் அழுத்தம் 10 செ.மீ. நீர்மட்டம், அதாவது 10 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். டிரம் பாதி ஏறியிருந்தாலும் முழுக்க ஏறியிருந்தாலும் அது மாறாது. குவிமாடத்தில் வாயு சேரச் சேரக் கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளுகிறது. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள உயர வேறுபாடுதான் அழுத்தம். விடிகாலையில் அது 80, 90 செ.மீ. வரை போகும், சமைக்கச் சமைக்க இறங்கிக்கொண்டே வரும்.

இரும்பு டிரம் துருப்பிடிக்கும், ஆண்டுதோறும் பெயின்ட் கேட்கும். குவிமாடத்தில் நகரும் பாகம் எதுவும் இல்லை. 1984-இல் இந்தியாவில் உருவான தீனபந்து வடிவம் செங்கல் அளவைக் குறைத்து அதை இன்னும் மலிவாக்கியது. ஆனால் குவிமாடத்தின் உள்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு கசியும். நல்ல கொத்தனார் கிடைத்தால் குவிமாடம், இல்லையென்றால் டிரம் என்பதே எங்கள் பரிந்துரை.

அழுத்தத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். இரண்டு மீட்டர் ஒளி புகும் குழாயை ஒரு பலகையில் ‘ப’ எழுத்தைப் போல வளைத்து ஆணியடித்து, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயின் டீயில் (மூன்று வழி இணைப்பு) மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள இடைவெளியை அடிக்கோலால் அளந்தால் அதுதான் செ.மீ. நீர்மட்டம். குவிமாடக் கலனில் அழுத்தம் ஒரு மீட்டரைத் தொடலாம் என்பதால் அங்கே குழாய் மூன்று மீட்டராவது இருக்கட்டும், இல்லையென்றால் சாயத் தண்ணீர் சுவரில் தெறிக்கும். குவிமாடக் கலனில் இரவு எல்லா வால்வையும் மூடிவிட்டுக் காலையில் பார்த்தால் கசிவும் இதிலேயே தெரிந்துவிடும்: மட்டம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் சோப்பு நுரையும் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் போங்கள். குழாய் முழுக்கச் சரியாக இருந்தால் பிறகுதான் குவிமாடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: பழைய கேஸ் அடுப்பிலேயே சாண வாயுவை எரிக்க முடியுமா? இணைத்துப் பார்த்தோம், பட்டாணி அளவுதான் சுடர் வருகிறது.

சமையல் கேஸ் அடர்த்தியான எரிபொருள். அதன் ஜெட் துளை, அதாவது வாயு பீய்ச்சி வரும் முனையின் துளை, ஒரு மி.மீ.கூட இருக்காது. சாண வாயுவில் மீத்தேன் 55, 60 விழுக்காடுதான், மீதி எரியாத பொருள். போதாக்குறைக்கு அழுத்தமும் குறைவு. 10 செ.மீ. அழுத்தத்தில் மணிக்கு 0.45 கன மீட்டர் எரிய 2 மி.மீ. அளவுள்ள துளை வேண்டும். 80 செ.மீ. அழுத்தத்தில் அதே அளவு வாயு 1.2 மி.மீ. துளையிலேயே வந்துவிடும். எனவே எடுத்தவுடன் 2 மி.மீ. துளை போடாதீர்கள். 1.2, 1.5, 1.8 என்று படிப்படியாகப் பெரிதாக்கி ஒவ்வொரு முறையும் எரித்துப் பாருங்கள். பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க வழியில்லை, புது ஜெட்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது காற்று. சமையல் கேஸுக்கு அதன் அளவில் 25 மடங்குக்கும் மேல் காற்று வேண்டும், சாண வாயுவுக்கு ஆறு மடங்கு போதும். ஜெட்டுக்குப் பின்னால் உள்ள காற்றுத் துவாரத்தைப் பெரும்பகுதி மூடிவிட்டுப் பற்றவையுங்கள். சுடர் நுனி மஞ்சளாக ஆடினால் கொஞ்சம் திறங்கள்; பர்னரை விட்டு எழும்பித் துள்ளினால் மூடுங்கள். சாண வாயுவின் சுடர் மெதுவாகப் பரவும் இயல்புடையது, அதனால் எளிதில் எழும்பிவிடும். பாத்திரத்தை வைத்தபின் சுடர் நிலைப்பதும் இதனால்தான்.

துளையைப் பெரிதாக்கிய அடுப்பை மறுபடி ஒருபோதும் கேஸ் சிலிண்டரில் இணைக்காதீர்கள். சுடர் முகட்டைத் தொடும். அடுப்பின் மேலேயே பெயின்டால் எழுதி வைப்பது நல்லது.

கேள்வி: சுடர் துடித்துத் துடித்து எரிகிறது, சில நேரம் தானாக அணைகிறது.

குழாயில் தண்ணீர். வாயு கலனிலிருந்து ஈரம் நிறைந்துதான் வருகிறது, குழாய் குளிர்ந்ததும் அந்த ஈரம் தண்ணீராகப் படிகிறது. குழாய் தொய்ந்த இடத்தில் அது குட்டை கட்டி நின்று வாயுவைக் கொப்பளிக்க வைக்கிறது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவாவது கொடுத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீயும் வடிகால் வால்வும் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து வடியுங்கள். ஈரம் குறைந்தால் அடுப்பும் நீடிக்கும்.

கேள்வி: சாண வாயுவைக் காலி சிலிண்டரில் அடைத்து மாடிக்கு எடுத்துப்போக முடியுமா? சைக்கிள் பம்பு, குளிர்சாதனப்பெட்டி கம்ப்ரசர் வைத்து அடைக்கும் காட்சிகள் எங்கும் கிடைக்கின்றன.

வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே ஒத்துவராது. சமையல் கேஸ் காற்றுமண்டல அழுத்தத்தைப் போலச் சில மடங்கு அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். அதனால்தான் சின்ன உருளைக்குள் ஒரு மாதச் சமையல் அடங்குகிறது. மீத்தேன் பூச்சியத்துக்குக் கீழே 82 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தால் ஒழிய எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வீட்டுச் சிலிண்டரின் உள்கொள்ளளவு சுமார் 33 லிட்டர். 8 மடங்கு அழுத்தத்துக்கு அடைத்தாலும் 264 லிட்டர்தான், அதாவது 0.26 கன மீட்டர். பெரிய பர்னரில் முக்கால் மணி நேரம்கூட வராது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நாறும் வாயுவும் ஈரமும் சிலிண்டரின் உள்சுவரை அரிக்கும். குளிர்சாதனப்பெட்டி கம்ப்ரசர் மீத்தேனுக்காகச் செய்தது அல்ல. உறிஞ்சும் பக்கத்தில் சின்னக் கசிவு இருந்தால் காற்றையும் சேர்த்து இழுத்து அடைத்துவிடும். பிறகு நீங்கள் மாடிக்குத் தூக்கிப்போவது வெடிமருந்து.

வாகனங்களுக்கு அடைப்பவர்கள் முதலில் கார்பன் டை ஆக்சைடையும் சல்ஃபைடையும் நீக்கி, 200 மடங்குக்கும் மேல் அழுத்தம் தாங்கும் தனி உருளையில் அடைக்கிறார்கள். அது தொழிற்சாலை வேலை. மாடிக்கு வேண்டுமென்றால் குழாய் போடுங்கள். வாயு தானாக ஏறும்.

கேள்வி: ஜெனரேட்டரை சாண வாயுவில் ஓட்டுகிறோம். ஆறு மாதத்தில் எண்ணெய் கறுத்து, பேரிங் தேய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை இது. எரியும்போது கந்தக அமிலமாகி எண்ணெயைக் கெடுக்கிறது, செம்பு கலந்த பேரிங்குகளைத் தின்கிறது. அடுப்போடு நிறுத்திக்கொள்பவர்கள் இதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். என்ஜின் என்றால் வடிகட்டி இல்லாமல் ஓட்டவே கூடாது.

எளிய வடிகட்டி இரும்பு ஆக்சைடுதான். 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயை ஒரு மீட்டர் நீளத்துக்கு நட்டு, துருப்பிடித்த லேத் பட்டறை இரும்புச் சீவலையோ, இரும்பு ஆக்சைடு பூசிய மரச்சீவலையோ தளர்வாக நிரப்புங்கள். இறுக்கினால் அழுத்தம் போய்விடும். பளபளக்கும் புதுச் சீவல் வேலை செய்யாது. உப்புத் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வெளியே போட்டு நன்றாகத் துருப்பிடிக்க விடுங்கள். வாயு கீழே நுழைந்து மேலே வரட்டும், அடியில் வடிகால் இருக்கட்டும். சீவல் லேசான ஈரத்தோடு இருந்தால்தான் வேலை நடக்கும்.

எவ்வளவு நாள் வரும் என்று கணக்குப் பார்க்கலாம். வாயுவில் பத்து லட்சத்தில் 2,000 பங்கு சல்ஃபைடு இருந்தால் ஒரு கன மீட்டரில் 2.8 கிராம். ஒரு கிலோ இரும்பு ஆக்சைடு ஏட்டுக்கணக்கில் 640 கிராமைப் பிடிக்கும். நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 2 கன மீட்டர் ஓட்டினால் 35 நாள். செந்துரு நிறம் கறுப்பாகிக்கொண்டே மேலே ஏறுவது ஒளி புகும் குழாயில் கண்ணுக்கே தெரியும்.

கறுத்த சீவலை வெளியே கொட்டிக் காற்றில் பரப்பினால் மறுபடி சிவப்பாகும், இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். ஆனால் அப்போது வெப்பம் கிளம்பும். குவியலாகப் போட்டுவிட்டுப் போனால் தானாகத் தீப்பிடிக்கும். சிமென்ட் தரையில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, புரட்டிக்கொண்டே இருங்கள். வைக்கோல் போருக்கும் கலனுக்கும் தள்ளி இதைச் செய்யுங்கள்.

மின்சாரக் கணக்கையும் பலர் கேட்டிருந்தார்கள். ஒரு கன மீட்டர் வாயுவில் சுமார் 6 யூனிட் வெப்பம் இருக்கிறது; சின்ன என்ஜின் அதில் கால் பங்கைத்தான் மின்சாரமாக்கும், ஒன்றரை யூனிட். நாளுக்கு ஒன்றிரண்டு கன மீட்டர் வருகிறவர்கள் அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்.

கேள்வி: காய்ந்த இலை, மரத்தூள், வைக்கோல் நிறைய கிடைக்கிறது. கலனில் போடலாமா?

பச்சைப் புல், களை என்றால் பொடியாக நறுக்கிச் சாணத்தோடு கொஞ்சம் சேர்க்கலாம். மரத்தூள் கூடவே கூடாது. மரத்தைக் கெட்டிப்படுத்தும் லிக்னினை உடைக்கும் வல்லமை காற்றில்லா நுண்ணுயிர்களுக்கு இல்லை. தவிர, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20–30 இருந்தால் கலன் நன்றாக ஓடும். சாணத்தில் அது 25 அளவில் இருக்கிறது, வைக்கோலில் 70-க்கு மேல், மரத்தூளில் சில நூறு. கோழி எருவில் நேர்மாறாகப் பத்துதான். அதை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி நுண்ணுயிரை முடக்கும். கோழி எருவோடு நறுக்கிய வைக்கோல் சேர்வது நல்ல ஜோடி.

காய்ந்தது எல்லாம் நெருப்புக்கு, ஈரமானது எல்லாம் கலனுக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: விறகு வாயு என்ஜின் அமைத்திருக்கிறோம். வால்வுகள் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. விறகை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

தார். விறகை மாற்றினால் போகாது, உலைக்குள் வெப்பம் குறைவதால் வருகிறது. காற்றும் வாயுவும் மேலிருந்து கீழாகப் போகும் கீழ்நோக்கு உலையில் விறகு முதலில் காய்ந்து, பிறகு கரியாகவும் புகையாகவும் பிரிந்து, அந்தப் புகை ஆயிரம் டிகிரிக்கு மேல் கனலும் காற்றுமுனை வளையத்தின் (காற்று நுழையும் முனைகள் உள்ள வளையம்) வழியாகப் போக வேண்டும். அங்கேதான் தார் உடைகிறது. அதன் கீழே கரிப் படுகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. வளையம் குளிர்ந்தால் தார் உடையாமல் அப்படியே என்ஜினுக்குப் போகும்.

வளையம் குளிர மூன்று காரணங்கள் உண்டு. முதல் காரணம் ஈரம். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். உலைக்கு 20 விழுக்காட்டுக்குள் வேண்டும். சந்தேகம் வேண்டாம், அளந்துவிடுங்கள்: 100 கிராம் துண்டுகளை 105 டிகிரி அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். 80 கிராமுக்குக் கீழே போனால் அந்த விறகு இன்னும் வெயிலில் கிடக்கட்டும். இரண்டாவது, துண்டின் அளவு. 2 முதல் 5 செ.மீ. துண்டுகள் நல்லது. தூளும் பட்டையும் கலந்தால் காற்று ஓரிடத்தில் அடைத்து இன்னோரிடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: என்ஜினைச் சுமை இல்லாமல் ஓட்டுவது. 20 கிலோவாட் உலையை 4 கிலோவாட்டில் ஓட்டினால் உறிஞ்சும் காற்று குறைந்து வளையம் மங்கிவிடும். உங்கள் தார் இந்த மூன்றாவதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். பம்புசெட், அரவை என்று சுமைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு யூனிட்டுக்கு ஒன்று முதல் 1.3 கிலோ காய்ந்த விறகு ஆகும். அதைவிட நிறைய ஆகிறதென்றால் ஈரமோ கசிவோ இருக்கிறது. கசிவு என்றால் உடனே பாருங்கள். இந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, நாற்றமில்லாத நஞ்சு. நாலு பக்கமும் சுவர் வைத்த கொட்டகையில் உலையை வைக்கவே கூடாது. தலைவலி வந்தால் அது வேலைக் களைப்பு என்று நினைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: உமியும் தூளும் சேர்த்து எரிபொருள் கட்டிகளாக அச்சடிக்கிறோம். இயந்திரத்திலிருந்து வந்ததும் குறுக்கே விரிசல் விடுகிறது.

ஈரம் கூடுதல். 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அச்சுக்குள் நீராவியாகி, வெளியே வந்ததும் வெடித்துக்கொண்டு கிளம்பும். மிகவும் காய்ந்தாலும் கட்டி பிடிக்காது, அச்சு அடைத்துக் கருகும். இயற்கைப் பசை லிக்னின்தான், நூறு டிகிரிக்கு மேல் இளகிப் பிடிக்கிறது. அச்சு சூடேறும்வரை வரும் முதல் கட்டிகளைத் திரும்ப அரைத்துப் போட்டுவிடுங்கள். சூடு ஆறாமல் மூட்டை கட்டாதீர்கள். உமிக்கட்டியில் சாம்பல் 18 முதல் 20 விழுக்காடு, பெரும்பாலும் சிலிக்கா. அச்சை அரிக்கும், அடுப்பைத் தினமும் வாரச் சொல்லும். மரத்தூளோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் தணியும்.

கேள்வி: எட்டு ஆண்டாக ஓடும் கலனில் வாயு பாதியாகிவிட்டது. அடியில் மண் சேர்ந்திருக்கும் என்கிறார்கள். ஆள் இறக்கி அள்ளலாமா?

அள்ளத்தான் வேண்டும், ஆனால் ஆளை இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஐந்நூறைத் தாண்டினால் உயிர் போகும். மண்ணைக் கிளறும்போது அதற்குள் சிறைப்பட்டிருந்தது குபீரென்று வரும். முதல் ஆள் விழ, தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவதே இத்தகைய விபத்துகளின் வழக்கம். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதைப் போல இங்கே செய்யாதீர்கள், மீத்தேன் இருந்தால் விளக்கே வெடியாகும்.

வாயு வால்வைத் திறந்து முழுக்க வெளியேற்றுங்கள். மேலே நின்றபடியே கழிவு பம்பு வைத்துக் கரைசலை இறையுங்கள். அடி வண்டலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து மறுபடி இறையுங்கள். நெருப்பு, பீடி, தீப்பொறி பறக்கும் மோட்டார் எதுவும் பக்கத்தில் வேண்டாம். முழுக்க எடுக்க முடியாவிட்டாலும் முக்கால் பங்கு எடுத்தால் வாயு ஏறும். உள்ளே இறங்கியே ஆக வேண்டிய பழுது என்றால் வாயு அளக்கும் கருவி, வெளிக்காற்று ஊதும் விசிறி, இடுப்புக் கயிறு, மேலே இரண்டு ஆள் எல்லாம் உள்ள பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

கேள்வி: வாயு எடுத்த பிறகு சாணத்தில் சத்து மிச்சம் இருக்குமா?

போவது கரிமம். தழைச்சத்து அநேகமாக அப்படியே இருக்கிறது, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவமும் கூடுகிறது. அதே காரணத்தால் வெயிலில் பரப்பிக் காய வைத்தால் அது காற்றோடு போய்விடும். வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடுங்கள், இல்லையென்றால் கலனில் போட வேண்டாம் என்று ஒதுக்கிய காய்ந்த இலைக் குவியலின் மேல் ஊற்றி மூடிவிடுங்கள். இலையும் மக்கும், சத்தும் தங்கும்.